நீ நீக்கிய பூஜ்யங்கள்

இன்று அடையாறு பாலத்தில் ஆட்டோ நின்றபோது ஆற்றின் நாற்றம் உள்ளே ஏறியது. ஓட்டுநர் மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்கு நீதான் நினைவுக்கு வந்தாய். உன் நினைவுக் கூட்டத்துக்குத்தான் மயிலாப்பூர் போய்க்கொண்டிருந்தேன்.

ஆறு கெட்டதால் மக்களுக்கு நேரும் இழப்பைக் கணக்கிட, நாம் இருவரும் இந்தக் கரையில்தான் வீடு வீடாக ஏறி இறங்கினோம். நம் பொருளாதார ஆய்வுகளில் வழக்கமாகக் கேட்பதுதான்: ஆறு சுத்தமாவதற்கு மாதம் எவ்வளவு தருவீர்கள்? குடிசை வாசலில் மீன் அரிந்துகொண்டிருந்த கலா அக்கா நிமிரக்கூட இல்லை.

"இன்னா நைனா, மழை வந்தா எங்க புள்ளைங்களுக்கு வயித்தால போய்க்கினு கீது. நாத்தமும் எங்களுக்கு, துட்டும் நாங்க குடுக்கணுமா? சாக்கடைய வுடுறான் பாரு, அவனாண்ட போய்க் கேளு!"

என்னைவிட நீதான் அதிகம் சிரித்தாய். சிரித்துக்கொண்டே பூஜ்யம் என்று குறித்தாய். அந்தக் குடிசை வரிசை முழுக்கப் பூஜ்யம்தான்.

அலுவலகம் திரும்பியதும், "மச்சி, இது பதில் இல்ல, கோபம். இந்த மாதிரி பூஜ்யத்தை எல்லாரும் நீக்கத்தான் செய்யறாங்க. வெச்சா சராசரி படுத்துடும்" என்றாய். கோபம் பதில் இல்லையா என்று கத்தினேன். நீக்கினாய். அறிக்கையிலிருந்து என் பெயரை எடுத்துவிடு என்றேன். ஒரு வார்த்தை மறுக்காமல் எடுத்துவிட்டாய். அதுதான் இன்னும் எரிகிறது.

கணக்கில் மிஞ்சியவர்கள் எதிர்க்கரை அடுக்ககக்காரர்கள். பால்கனியிலிருந்து பார்க்க நல்ல ஆறு வேண்டும் என்று தாராளமாகத் தருவதாகச் சொன்னவர்கள். ஆற்றின் மதிப்பு அவர்கள் சொன்ன மதிப்பாகிப் போனது. பிறகு அந்த அறிக்கையைக் காட்டித்தான், ஆற்றைச் சுத்தப்படுத்துகிறோம் என்று அதிகாரிகள் கலா அக்காவின் வரிசையை ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டினார்கள்.

கூட்டத்தில் அந்த அறிக்கையையே உன் சாதனை என்று புகழ்ந்தார்கள். உன் மனைவி என் பக்கம் சாய்ந்து, "நீங்களும் பேசுங்கோண்ணா. கடைசிவரைக்கும் உங்களைப் பத்தித்தான் சொல்லிண்டிருந்தார்" என்றார். என்ன சொன்னாய் என்று கேட்கத் துணிவில்லை. மேடையேறி, கலா அக்கா சொன்னதை அவர் பேச்சிலேயே சொன்னேன். அந்தப் பதிலை நீ நீக்கியதையும் சொன்னேன். உன் மனைவி தலையைக் குனிந்துகொண்டார். மற்றவர்கள் கைதட்டினார்கள்.

நீ இருந்திருந்தால் எழுந்து நின்று, "டேய், கணக்கு தெரியாம உளறாதே" என்று சீறியிருப்பாய். அது உன்னிடம் ஜெயிக்க வேண்டிய சண்டையடா. மறுத்துப் பேச ஆளில்லாமல் அதை இன்னும் தூக்கிக்கொண்டு திரிகிறேன்.