இருநூற்றைம்பதா ஐந்நூறா

பெரம்பலூர், 5-1-82

காலை ஆறு மணிக்கு அரியலூர் உத்திராபதியோடு வழக்கம்போல் ரேடியோவில் மோர்ஸ் தட்டிக் கால் மணி நேரப் பேச்சு. பாதி கேட்டது, பாதி ஊகம். அலைவரிசையில் அவர் பக்கத்திலேயே ஒரு ரஷ்யாக்காரன், அவனுக்கு மேல் ஒரு ஜப்பான்காரன், போதாததற்கு அடுத்த வயல் செல்லதுரையின் பம்புசெட் இரைச்சல். ஒரே தெருக்குழாயில் ஊரே குடம் வைத்த மாதிரி. மிலிட்டரி கழித்துப்போட்ட இந்த ரிசீவருக்குக் காது ரொம்ப அகலம்.

9-1-82

சிங்கப்பூரிலிருந்து மைத்துனன் சாமிதுரையின் கடிதம். அடுத்த மாதம் வருகிறான். "மாமா, நீங்கள் கேட்ட ஃபில்டர் கடையில் இரண்டு தினுசு இருக்கிறது. இருநூற்றைம்பது, ஐந்நூறு. ஒன்றுதான் கிடைக்கும்போல. எது வேண்டும் என்று உடனே எழுதவும்."

ரேடியோவுக்குள் சத்தம் நுழைகிற சந்தின் அகலம்தான் அந்த எண். ஐந்நூறு என்றால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து நுழைவார்கள், வேண்டியவரை நாம் காதால் பிரித்துக்கொள்ள வேண்டும். இருநூற்றைம்பது என்றால் ஒருவர்தான். மற்றவர்கள் இருப்பதே தெரியாது. பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கும் நேரம் முழுக்க இதே யோசனை. பையன்கள் ஒளிவிலகலைத் தாங்களே படித்துக்கொண்டார்கள்.

10-1-82

உத்திராபதியிடம் கேட்டேன். அரியலூர் ஸ்டேஷனில் தந்தி சிக்னலர், மோர்ஸ் அவருக்குச் சோறு. தமிழையே ஆங்கில எழுத்தில் தட்டுவார். மூன்று வருடமாகத் தினம் பேசுகிறோம், இன்னும் முகம் பார்த்ததில்லை.

"ஐந்நூறே சொல்லுங்க அண்ணே. என் செட்டு நானே காயில் சுத்திச் செஞ்சது. சூடு ஏற ஏற அலைவரிசை நகரும். சந்து சின்னதா இருந்தா நான் வெளியில நிப்பேன்."

சரி, ஐந்நூறு என்று தட்டினேன்.

12-1-82

இருநூற்றைம்பது என்று எழுதிப் போட்டுவிட்டேன்.

இதுவரை பேசியது அறுபத்தொரு நாட்டுக்காரர்களோடு. நூறு நாடு சேர்ந்தால் சான்றிதழ். இவ்வளவு அகலமான சந்தோடு பிரேசிலை எந்த ஜென்மத்தில் பிடிப்பது? உத்திராபதிக்கு இப்போது சொல்ல வேண்டாம். மாட்டியபிறகு சொல்லிக்கொள்ளலாம்.

14-2-82, ஞாயிறு

உத்திராபதி வந்தார். என் ஏரியல் கம்பி அறுந்துவிட்டது என்று கார்டு போட்டதும், லீவு நாளில் பஸ் ஏறி, கம்பிச்சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஒல்லி, நரை மீசை. என்னைவிடப் பெரியவர்! நேரில் பார்த்ததும் அவர் வாயில் அண்ணே போய் 'சார்' வந்துவிட்டது.

வேலை நடக்கும்போது அம்மா வாசலுக்கு வந்து நின்று, "தம்பிக்கு எந்த ஊரு, எந்தத் தெரு?" என்று கேட்டது. அவர் மறைக்கவில்லை. விக்கிரமங்கலம் என்றார், தெருவையும் சொன்னார். அம்மா ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டது. அந்த முதுகைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஏரியல் ஏறி முடிந்தபோது மணி ஒன்று. "வாங்க உத்திராபதி, டவுனுக்குப் போயி கிளப்புல சாப்பிடுவோம். அங்க பிரியாணி நல்லா இருக்கும்" என்றேன். அவர் சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். "சரிங்க சார்" என்றார். அந்தச் சாப்பாட்டுக் கடையில் ஒரே மேஜையில் உட்கார்ந்து இருவரும் சாப்பிட்டோம். நான்தான் அதிகம் பேசினேன்.

திரும்பி வந்தால் வீட்டுக்காரி சிந்தாமணி அடுப்படியில் நிற்கிறாள். "அவங்களுக்குன்னு கோழி அடிச்சு கொழம்பு வெச்சிருக்கேன். ஏன் கெளப்புக்குக் கூட்டிட்டுப் போனீங்க?"

அம்மாவோடு சண்டை வேண்டாம் என்றுதான். அப்படித்தான் சொன்னேன். அவள் குழம்புச் சட்டியை மூடினாள்.

17-2-82

சாமிதுரை வந்தான். ஃபில்டர் தீப்பெட்டியைவிடச் சின்னது. பழையதைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் பற்றவைத்தேன். ரிசீவரைப் போட்டால் — அமைதி! பம்புசெட் இல்லை, ரஷ்யா இல்லை. ஒரே ஒரு விசில், பளிங்கு மாதிரி. அரை மணி நேரம் சும்மா கேட்டுக்கொண்டே இருந்தேன். சிந்தாமணி எட்டிப் பார்த்து, "ஒண்ணுமே கேக்கலையே, கெட்டுப்போச்சா?" என்றாள்.

18-2-82

ஆறு மணிக்கு உத்திராபதியைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. ஆறே காலுக்குப் பிரேசில்!!

22-2-82

ஐந்து நாளாக அவரைக் காணோம். டூட்டி மாறியிருக்கும். இன்று அர்ஜென்டினா.

9-3-82

அறுபத்தெட்டு நாடு. ஆறு மணிக்கு ஒருமுறை கூப்பிட்டுப் பார்க்கிறேன், பிறகு வெளிநாடு.

கோபமாக இருப்பாரோ? அந்த ஞாயிறு? ஒரு கார்டு போட்டுக் கேட்கலாம். என்ன என்று எழுத?

17-4-82

எழுபத்துமூன்று. உண்மையைச் சொன்னால், அவர் வராததில் எனக்கு ஒரு நிம்மதியும் இருக்கிறது. கிளப்பைப் பற்றி ஒருவருக்கொருவர் எதுவும் சொல்லிக்கொள்ள வேண்டாம் அல்லவா? இதை எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

5-6-82

திருச்சி வேம்பு சாரிடமிருந்து கடிதம். அவரும் எங்கள் அலைவரிசையில் இருப்பவர், எல்லோர் பேச்சையும் கேட்பவர். அப்படியே எழுதி வைக்கிறேன்:

"உங்கள் சொந்த விவகாரத்தில் தலையிடுவதாக நினைக்க வேண்டாம். அரியலூர்க்காரர் தினமும் ஆறு மணிக்கு உங்களைக் கூப்பிட்டார். நீங்கள் கூப்பிட்டு முடித்த மறுநொடியே பதில் கொடுத்தார். நீங்கள் அவருக்குப் பதில் சொல்லாமல், பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் சொன்னீர்கள். கேட்கவே சங்கடமாக இருந்தது. மே மாதக் கடைசியோடு அவரும் நிறுத்திவிட்டார். அப்படி என்ன தவறு செய்தார்?"

மூன்று தடவை படித்தேன். செட்டு சூடாகி நகர்ந்திருக்கிறார். என் சந்துக்கு வெளியே, ஒரு நூல் தள்ளி நின்று, கூப்பிட்டிருக்கிறார். மூன்று மாதத்துக்கு மேல். டயலை ஒரு நூல் திருப்பியிருந்தால் போதும்.

ஏன் திருப்பவில்லை? செட்டு நகரும் என்று அவரே சொல்லியிருந்தாரே. மறந்துவிட்டேனா? இல்லை. ஞாபகம் வராதபடி பார்த்துக்கொண்டேன். ஃபில்டர் மாட்டிய விஷயத்தையே சொல்லாதவன் நான். அவருக்கு எப்படித் தெரியும்? ஞாயிற்றுக்கிழமை தெருவைச் சொன்னார், வியாழக்கிழமையிலிருந்து நான் பேசவில்லை. அவருக்குத் தெரிந்த கணக்கு அதுதான். வேறு என்ன நினைப்பார்? யாராயிருந்தாலும் அதைத்தான் நினைப்பார்கள். பாவி, பாவி.

6-6-82, ஞாயிறு

முதல் பஸ்ஸில் அரியலூர் போனேன். ஸ்டேஷனுக்குப் பின்னால் ரயில்வே குவார்ட்டர்ஸ். அவர் மனைவி செங்கமலம் கதவைத் திறந்தார். யார் என்று சொன்னதும் முகம் ஒரு கணம் மாறியது. "உக்காருங்க. டூட்டி முடிஞ்சு வர்ற நேரந்தான்" என்றார்.

உத்திராபதி வந்து என்னைப் பார்த்ததும், "வாங்க சார், உடம்பு ஏதும் சரியில்லையா?" என்றார். அவர் கேட்ட முதல் கேள்வி அது.

எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்நூறு என்று அவரிடம் சொல்லிவிட்டு இருநூற்றைம்பது எழுதியதை, மாட்டியதைச் சொல்லாமல் விட்டதை, எல்லாம்.

"அப்ப நான் கூப்பிட்டது எதுவுமே கேக்கலையா சார்?"

"கேக்கலை. சத்தியமா கேக்கலை."

"நீங்க பிரேசில்காரனுக்கு ஊரு பேரு எல்லாம் சொன்னது எனக்கு நல்லாக் கேட்டுச்சு" என்று லேசாகச் சிரித்தார். "ஃபில்டர்தானா. நான் என்னென்னமோ நெனச்சுக்கிட்டேன்."

அப்பாடா என்று எனக்கு மூச்சு வந்தது. அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்பினார். குரல் உயரவே இல்லை.

"கெளப்புக்குக் கூட்டிட்டுப் போனீங்களே சார், அதுவும் ஃபில்டரா?"

ஆணியில் ஆடிக்கொண்டிருந்த அவர் சட்டையைப் பார்த்தேன்.

செங்கமலம்தான் உள்ளேயிருந்து, "சோறு ஆறுது, ரெண்டு பேரும் வாங்க" என்று கூப்பிட்டார். கருவாட்டுக் குழம்பு. எனக்கு முதலில் போட்டார். சாப்பிட்டேன். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். உத்திராபதி பஸ் ஸ்டாண்டு வரை வந்து ஏற்றிவிட்டார். "வீட்டுக்கு வாங்க, குடும்பத்தோட வாங்க" என்றேன். "பாப்போம் சார்" என்றார்.

7-6-82

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அடுத்த தடவை அவர் வந்தால் நம் வீட்டில், என் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார் என்று. "நான் என்னடா சொன்னேன்? நான் ஒண்ணும் சொல்லலியே!" என்றது அம்மா. உண்மைதான். அம்மா வாயே திறக்கவில்லை. எல்லாம் நானே செய்தேன்.

8-6-82

இருநூற்றைம்பதைக் கழற்றிப் பழையதை மாட்டினேன். ரஷ்யா, ஜப்பான், பம்புசெட், எல்லோரும் வந்துவிட்டார்கள். அவர் மட்டும் இல்லை.

30-6-82

தினமும் ஆறு மணிக்குக் கூப்பிடுகிறேன். டயலை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிக் கேட்கிறேன். இல்லை.

19-7-82

இல்லை. எழுபத்துநான்காவது நாடு ஒன்று கூப்பிட்டது. பதில் சொல்லத் தோன்றவில்லை.

11-8-82

இன்று காலை ஆறு மணி ஏழு நிமிஷத்துக்கு உத்திராபதி பதில் கொடுத்தார். அலைவரிசையில் கொஞ்சம் மேலே தள்ளி. அவர் தட்டுகிற கை, எங்கிருந்தாலும் தெரியும். எனக்குக் கண் கலங்கிவிட்டது. 'அண்ணே' என்று தட்டப்போனேன், அதற்குள் அவர் தொடங்கிவிட்டார்.

தமிழில் இல்லை. முன்பின் அறியாத ஒருவரை முதன்முதலாகச் சந்திக்கும்போது எல்லா நாட்டுக்காரர்களும் தட்டுகிற அந்த வரிசை, ஆங்கிலத்தில். உங்கள் சிக்னல் தெளிவாகக் கேட்கிறது. என் ஊர் அரியலூர். என் பெயர் உத்திராபதி. உங்கள் பெயர் என்ன?

நானும் அதே வரிசையில், மெதுவாக, ஓர் எழுத்தும் தவறாமல் தட்டினேன். உங்கள் சிக்னலும் தெளிவாகக் கேட்கிறது. என் ஊர் பெரம்பலூர். என் பெயர் நடராசன்.