மாமி சொல்லும் ‘ஓம்’

இஞ்சாருங்கோ,

சோறும் மீன்குழம்பும் அடுப்பில இருக்கு, சூடாக்கிச் சாப்பிடுங்கோ. சாப்பிட்டிட்டு முதியோர் இல்லத்துக்குச் சண்டைக்குப் போகாதேங்கோ.

மாமியின்ர காதைச் சோதிச்ச பிள்ளை பிரெஞ்சிலதான் கேட்டவள். மாமி எல்லாத்துக்கும் ‘ஓம்’ எண்டிருக்கிறா. எங்களுக்கு அது ஆமாம், பிரெஞ்சில ‘ஓம்’ எண்டால் ஆம்பிளையாம். ‘காது கேளாது, ஆரோ ஆம்பிளையைக் கூப்பிடுறா’ எண்டு எழுதிப்போட்டாள். உங்கட கோவம் நியாயம்தான்.

ஆனா பேந்து நான் தமிழில கேட்டனான்.

‘சாப்பிட்டியளோ மாமி?’

‘ஓம்.’

‘என்னைத் தெரியுதோ?’

‘ஓம்.’

‘உங்களுக்குப் பிள்ளையே இல்லைத்தானே?’

‘ஓம்.’

நேற்று நீங்கள் கத்தேக்க இதைச் சொல்ல எனக்கு வாய் வரேல்லை.

ஞானா

பி.கு. கதவுத் திறப்பைக் கொண்டுபோங்கோ, நான் வரப் பிந்தும்.

போறதெண்டால், ‘நான் உங்கட மகன்தானே’ எண்டு கேளுங்கோ. மாறிக் கேட்டுப்போடாதேங்கோ.