சாப்பாட்டு மேஜை மேல் சண்டை நட்சத்திரம்

2024 பிப்ரவரி 27, செவ்வாய்

இன்று சலூனில் இரண்டு பெர்ம், ஒரு சாயம், நான்கு வதந்தி. வதந்திகளில் மூன்று நானே கிளப்பியவை.

வீட்டுக்கு வந்தால் மேஜை மேல் ஒரு டிஷ்யூ பொட்டலம். உறையில் உயரமான கட்டடம், நீல வானம், "ஜோங்ஷானில் உங்கள் ஓய்வு வாழ்க்கை" என்று கொட்டை எழுத்து. வீட்டுத் தரகர்கள் தெருவில் போகிற வருகிறவர் கையிலெல்லாம் திணிப்பது. நானும் வாங்குவேன், மூக்கு சிந்த. ஆனால் என் வீட்டுக் கிழவர் அதைப் பிரிக்காமல், படம் தெரிகிற மாதிரி நேராக வைத்திருந்தார்.

"என்ன இது?"

"வீடு."

"தெரியுது. யாருக்கு?"

"எனக்கு. வேணும்னா உனக்கும்."

என் புருஷன் தாக்-ஷிங் முப்பது வருடம் இரண்டடுக்குப் பேருந்து ஓட்டியவர். போன இலையுதிர் காலத்தில் ஓய்வு. 'ஓட்டுநரிடம் பேசாதீர்கள்' என்ற பலகையைக் கடைசி நாள் இறங்கும்போது கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டார் போலிருக்கிறது. ஹாங்காங்கின் சாய் வானில், மூக்குப்பொடி டப்பா அளவு இந்த வீட்டுக்குள் அவர் ஒரு மூலை, நான் மற்ற எல்லா மூலையும்.

எல்லை தாண்டினால், சீனப் பக்கம் ஜோங்ஷானில் பால்கனி வைத்த வீடாம். ஏப்ரலுக்குள் முடிவு சொல்ல வேண்டுமாம்.

"நீ சலூன விட்டுட்டு வரமாட்ட. சனிக்கிழமை சனிக்கிழமை வா," என்றார். பல் டாக்டர் சொல்வது மாதிரி.

"போயேன் கிழவா. யாரு பிடிச்சு வச்சிருக்கா?" என்றேன். என்றுவிட்டு மீனை ஆவியில் வேக வைத்தேன். அடுப்பைப் பற்றவைக்க மறந்துவிட்டேன்.

எனக்கு ஒன்றும் இல்லை. அந்தப் பொட்டலத்தைப் பிரித்துத்தான் மூக்கு சிந்திக்கொண்டிருக்கிறேன். ஜலதோஷம்.

பிப்ரவரி 29, வியாழன்

பக்கத்து வீட்டு மோக் அக்கா சமூகக் கூடத்தில் ஃபெங் சுயி மாலை வகுப்புக்குப் போகிறார். பாதிப் பாடம்தான் முடிந்திருக்கிறது. முழுப் பாடம் படித்த குருமார்கள் சதுர அடிக் கணக்கில் காசு கேட்கிறார்கள். அக்காவுக்கு ஒரு முடிவெட்டு போதும்.

திசைகாட்டியும் கையுமாக வந்தார். கிழவர் காய்கறிக் கடைக்குப் போயிருந்தார். என் திட்டம் எளிமையானது: அவர் கிளம்பத் துடிப்பதற்கு அவருடைய நாற்காலி கிடக்கிற இடம்தான் குற்றவாளி என்று அக்கா வாயால் சொல்ல வைப்பது.

"வருஷா வருஷம் நட்சத்திரங்க இடம் மாறும்டி. இந்த டிராகன் வருஷத்துல சண்டை நட்சத்திரம் வீட்டு நடுவுல வந்து உக்காந்திருக்கு."

"நடுவுலன்னா எங்க?"

"தோ." சாப்பாட்டு மேஜையைக் காட்டினார்.

"கிழவரோட நாற்காலில இல்லியா?"

"அது ஓரமா கெடக்கு. அது பாட்டுக்கு இருக்கு."

"கொஞ்சம் நகர்த்திப் பாத்தா?"

"எதை? நட்சத்திரத்தையா?"

பரிகாரம்: மேஜை மேல் சிவப்புத் துணி. சுற்றிலும் அடைசல் கூடாது. முக்கியமாகச் சத்தம் கூடாது. சண்டை நட்சத்திரத்துக்குச் சத்தம்தான் தீனியாம்.

"மேஜைல வாயத் திறந்தா சோத்துக்கு மட்டுந்தான் திறக்கணும்."

"அவர் வாயத் திறக்கறதே இல்லியே அக்கா."

"நான் அவரச் சொல்லல."

மார்ச் 2, சனி

வாசல் கதவு முழுசாகத் திறக்க வேண்டும், உயிர்க்காற்று அந்த வழியாகத்தான் வீட்டுக்குள் வரும் என்று அக்கா போகும்போது சொல்லிவிட்டுப் போனார். எங்கள் கதவு பாதிதான் திறக்கும். ஒருக்களித்துத்தான் நுழைவோம். இத்தனை வருடமாக அதைக் கதவின் குணம் என்று நினைத்திருந்தேன்.

கதவுக்குப் பின்னால் இருந்தவை: சலூனில் கழித்த துண்டுகள், பெர்ம் சுருளைகள் இரண்டு வாளி, பழைய நிலவுக் கேக் டப்பாக்கள், அந்த டப்பாக்களுக்குள் மடித்து வைத்த பைகள், அந்தப் பைகளுக்குள் இன்னும் சின்னப் பைகள், இடுப்பைக் குறைக்க வாங்கிய ஒரு இயந்திரம். கிழவருடைய சாமானையும் தூக்கிப் போடலாம் என்று ஆசையாகத் தேடினேன். ஒரு ஃபிளாஸ்க் இருந்தது. ஒரு குடை. அவ்வளவுதான். முப்பது வருடமாக இந்த வீட்டில் விருந்தாளி மாதிரி இருந்திருக்கிறார்.

சாயங்காலம் கதவு சுவர் வரை போய் முட்டியது. கிழவர் வந்து நின்று பார்த்தார். ஒரு முறை மூடினார். திரும்பத் திறந்தார். மூடினார். பேருந்துக் கதவு ஞாபகம் வந்திருக்கும்.

மார்ச் 3, ஞாயிறு

மேஜை மேல் சிவப்புத் துணி விரித்தேன். இரவுச் சாப்பாட்டில் பேசவில்லை. தொண்டைக்குள் எறும்பு.

மார்ச் 6, புதன்

பேசாமல் சாப்பிடுவதில் முதல் கண்டுபிடிப்பு: என் தாமரைக்கிழங்கு சூப்பில் உப்பு அதிகம். எத்தனை வருடமாகவோ தெரியாது. பேசிக்கொண்டே குடித்ததில் எனக்கு அது சூப் என்பதே தெரிந்ததில்லை.

"கோவமா?" என்று கேட்டார் கிழவர். சிவப்புத் துணியைக் காட்டினேன். புரியவில்லை. அடுக்களைக்குக் கூட்டிப்போய் நட்சத்திர விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. வண்டி ஓட்டுகிறவர்கள் இதிலெல்லாம் விளையாட மாட்டார்கள். மேஜையில் மீனைப் புரட்டினால் வண்டி கவிழும் என்று, முப்பது வருடமாக எங்கள் வீட்டு மீன் எதுவும் மறுபக்கம் திரும்பிப் படுத்ததில்லை. மேல் பக்கம் தின்றபின் முள்ளைத் தூக்கிவிட்டு அடிப்பக்கத்தைத் தோண்ட வேண்டும். புது மருமகளாக வந்த வாரம் தெரியாமல் புரட்டி, மாமியாரிடம் ஒரு மாதம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இன்று மேல் பக்கம் முடிந்ததும் கிழவர் சாப்ஸ்டிக்கை மீனுக்கு அடியில் விட்டு, அலட்டிக்கொள்ளாமல் புரட்டிப் போட்டார்.

நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். "இனிமே கவிழறதுக்கு என்ன இருக்கு?" என்று மட்டும் சொன்னார்.

பேசிக்கொண்டிருந்திருந்தால் நான் பார்த்திருக்கவே மாட்டேன்.

மார்ச் 7, வியாழன்

சலூனில் யார் தலையிலோ கத்தரி வைத்துக்கொண்டு மீனை நினைத்தேன். காதோரம் கொஞ்சம் கூடப் போய்விட்டது. இப்போது இதுதான் ஃபேஷன் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 12, செவ்வாய்

"இன்னிக்குக் கடைல என்ன?" என்றார் கிழவர், கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே.

துணியைக் காட்டினேன்.

"மெதுவாப் பேசினா நட்சத்திரத்துக்குக் கேக்காது."

தலையை ஆட்டினேன். எனக்கு மெதுவாகப் பேச வராது என்பது இருவருக்கும் தெரியும்.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் மென்றோம். அப்புறம் அவராகவே ஆரம்பித்தார். ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை, அதனால் மறப்பதற்குள் எழுதுகிறேன்.

"வண்டி ஓட்டுனப்ப தினம் ஒரு கூத்து நடக்கும் கிழவி. உன்கிட்ட சொல்லணும்னு வருவேன். நீ உன்னுத முடிக்கறதுக்குள்ள எனக்குத் தூக்கம் வந்துரும். சரி, நாளைக்குச் சொல்லிக்கலாம்னு வச்சுக்குவேன். இப்ப நாளைக்குச் சொல்லவும் ஒண்ணும் கெடையாது. நாள் பூரா இங்கயே இருக்கேன். எதிர் பில்டிங்ல ஒருத்தி துணி காயப் போட்டா. அப்புறம் எடுத்தா. அதையா உன்கிட்ட சொல்றது?"

அந்தத் துணி என்ன நிறம், உள்பாவாடையா, அவள் புருஷன் இருக்கானா ஓடிப்போயிட்டானா என்று நானாக இருந்தால் அதை வைத்தே ஒரு வாரம் ஓட்டியிருப்பேன். நாக்கைக் கடித்துக்கொண்டேன். நிஜமாகவே கடித்தேன், வலிக்கிறது.

"அங்க போனா புது ஊரு. வழி தப்புவேன். எவனாவது ஏமாத்துவான். சனிக்கிழமை நீ வரும்போது சொல்றதுக்கு ஏதாவது சேந்திருக்கும்."

சூப் ஆறிப்போனது.

என் வாய்க்குப் பயந்து ஓடுகிறார் என்றுதானே நினைத்தேன்? சலூனில் அப்படித்தானே சொல்லி, எல்லோரையும் அவரைத் திட்ட வைத்தேன்? பெண்டாட்டியிடம் பேச ஒரு விஷயம் வேண்டும் என்று எவனாவது எல்லை தாண்டிப் போவானா? இந்தக் கிழவர் போவார்.

அவரைப் பிடித்து வைக்கப் போட்ட துணி. இப்போது பிடிப்பதா, விடுவதா?

மார்ச் 20, புதன்

காலையில் மோக் அக்கா கதவைத் தட்டினார். முகம் வெளுத்திருந்தது.

"தப்பு நடந்துபோச்சுடி. நேத்து வகுப்புல கோணல் வீட்டுப் பாடம். உங்க வீடு மடக்குன முழங்கை மாதிரி இருக்கா?"

"இருக்கு."

"அப்படி இருந்தா நடுப்புள்ளி வீட்டுக்குள்ளயே விழாதாம். வெளிய விழுமாம்."

"வெளியன்னா எங்க?"

"என் அடுக்களைல. அடுப்பு மேலயே."

முழங்கையின் மடிப்புக்குள் இருப்பது அவருடைய அடுக்களைதான், உண்மை. அக்கா நாற்காலியில் சாய்ந்துவிட்டார். "அதான் புது வருஷத்துலேருந்து எங்க வீட்ல தினம் சட்டி பறக்குது. நான் மருமகள்னு நெனச்சேன். பாவம், அவ இல்ல. உங்க நட்சத்திரம்."

சட்டி பறப்பது எனக்குத் தெரியும். எந்தச் சட்டி, எந்தக் கிழமை, யார் எறிந்தது என்பது வரை சலூன் முழுக்கத் தெரியும். இப்போது அதற்கு நான்தான் ஜவாப்தாரி என்றால்?

"உன் வீட்டுது, நீதான் பாத்துக்கணும்," என்று அக்கா அடம் பிடித்தார். மதியம் ஓடிப்போய்ப் புதிதாக ஒரு சிவப்புத் துணி வாங்கி, அவர் அடுப்புக்குப் பின்னால் ஒட்டிக் கொடுத்தேன். இனி அந்த அடுக்களையில் மூச்சுக் காட்டக்கூடாது என்று மாமியார், மருமகள் இருவரிடமும் கறாராகச் சொன்னேன். எனக்கே குரு மாதிரி இருந்தது.

ஆக, என் மேஜை மேல் நட்சத்திரமே இல்லை. நான் தாராளமாகப் பேசலாம்.

இரவு கிழவரிடம் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் 1998-ல் வண்டியில் பிரசவமான ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். வாயில் சோற்றைப் போட்டு மூடிக்கொண்டேன்.

மார்ச் 24, ஞாயிறு

ஜோங்ஷான் போய் வந்தோம். தரகர்கள் ஏற்பாடு செய்த இலவசப் பேருந்து. மதியம் வறுத்த புறா. புறாவுக்காகவே வருகிற கூட்டம் ஒன்று இருக்கிறது, அவர்களுக்கு எந்த வீடும் பிடிக்காது. வழி முழுக்கக் கிழவர், ஓட்டுநர் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் தன் காலையும் அழுத்தினார்.

மோக் அக்காவின் திசைகாட்டி என் பையில் இருந்தது. எதற்குக் கொண்டுபோனேன் என்பதை எழுதிவிடுகிறேன், யார் படிக்கப் போகிறார்கள்: வீட்டைக் கவிழ்க்க.

கவிழ்க்க ரொம்பச் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை. பால்கனியில் போய் நின்றதுமே தெரிந்தது. எதிரே நீளமான சாலை, அம்பு மாதிரி நேராகக் கட்டடத்தின் மீது பாய்கிறது. ஃபெங் சுயியில் இதைவிடக் கெட்ட இடம் கிடையாது. வகுப்புக்குப் போகாத எனக்கே தெரியும். ஹாங்காங்கில் இப்படி ஒரு வீட்டைப் பேய்கூட வாடகைக்கு எடுக்காது.

தரகுப் பெண் என் கையில் திசைகாட்டியைப் பார்த்துவிட்டாள். "ஆன்ட்டி, இந்தப் பக்கம் காத்து நல்லா வரும்," என்று என்னை இழுத்தாள்.

"இந்தப் பக்கம் சாலையே வருதேம்மா."

அவளுக்கு வியர்த்தது. கிழவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். தூரத்தில் ஒரு பேருந்து கிளம்பி, வளர்ந்து வளர்ந்து, எங்கள் காலடியில் வந்து திரும்பியது. இன்னொன்று கிளம்பியது. போன இலையுதிர் காலத்திலிருந்து நான் பார்க்காத முகம் அவருக்கு.

"திசைகாட்டி என்ன சொல்லுது?" என்றார், திரும்பாமல். கை கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது. நான் வேண்டாம் என்றால் விட்டுவிடுவார். மறுபேச்சு இருக்காது. திரும்பி வந்து எதிர் பில்டிங் துணியைப் பார்த்துக்கொண்டு உட்காருவார்.

ஒரே ஒரு வார்த்தை. என் வாயில் வார்த்தைக்கா பஞ்சம்?

"சாலை நேரா வந்து மோதுது," என்றேன். "மத்தவங்களுக்கு ஆகாது. ஆனா நீ முப்பது வருஷம் எதுத்தாப்புல வர்ற சாலையத்தானே பாத்துக்கிட்டு உக்காந்திருந்த? அதுக்கு உன்னத் தெரியும். ஒண்ணும் பண்ணாது."

தரகுப் பெண் மூச்சு விட்டாள். இன்னொரு பேருந்து வந்து திரும்புகிற வரை கிழவர் பார்த்தார்.

"இங்க ஒரு நாற்காலி போட்டா போதும்," என்றார் பிறகு.

"ரெண்டு போடு," என்றேன். "நான் என்ன, நின்னுக்கிட்டேவா கேக்கறது?"

ஏப்ரல் 3, புதன்

வாங்கவில்லை. ஒரு வருடம் வாடகைக்கு. அது என் யோசனை. திசைகாட்டியின் யோசனை என்று சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 16, செவ்வாய்

கிழவர் போய் முதல் நாள். மேஜையில் எந்தத் தடையும் இல்லை. ஆசை தீரப் பேசலாம் என்று உட்கார்ந்தேன். சிவப்புத் துணி நல்ல ரசிகர் இல்லை.

வாசல் கதவு முழுசாகத் திறக்கிறது. இன்றும் ஒருக்களித்துத்தான் நுழைந்தேன்.

ஏப்ரல் 20, சனி

மழை. ஜோங்ஷானுக்குப் போகிற படகு ரத்து. போகவில்லை. ஃபோனில், "நேர்ல சொல்றேன்," "அதுவும் நேர்ல சொல்றேன்" என்றே வைத்துவிட்டார்.

மே 18, சனி. ஜோங்ஷான்

நடுவில் எந்தச் சனிக்கிழமையும் சலூன் விடவில்லை, இன்றுதான் வந்தேன். படகுத்துறைக்கே வந்துவிட்டார். வெயிலில் கறுத்திருக்கிறார். பையை வாங்கும்போதே ஆரம்பித்துவிட்டார். தப்பான பேருந்தில் ஏறி வாழைத்தோட்டத்தில் போய் இறங்கியது. அந்தத் தோட்டக்காரன் இவரைத் திருடன் என்று பிடித்து வைத்து, அப்புறம் டீ கொடுத்தது. ஏழாம் எண் பேருந்தின் ஓட்டுநருக்கு இரண்டு குடும்பம், இரண்டும் ஒரே வழித்தடத்தில். கீழ்வீட்டுக் கிழவி வாத்து வளர்ப்பது, அது லிஃப்டில் மாட்டிக்கொண்டது. வாத்துக் கதை மட்டும் இரண்டு மாடி ஏறுகிற நேரம் ஓடியது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கதவைத் திறக்காமல் அதை முடித்தார்.

இப்போது பால்கனியில் இரண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம். நான் இதை எழுதுவதுகூட அவர் கண்ணில் படவில்லை. ஏழாம் எண் வருகிறது, "தோ, அவன்தான், அவன்தான்," என்கிறார்.

மோக் அக்காவின் மருமகள் பெட்டியோடு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ஐந்து நாளாக இதை யாரிடமும் சொல்லாமல், இவருக்கென்று பொத்திப் பொத்திக் கொண்டுவந்திருக்கிறேன். சூடாகத் தொண்டை வரை வந்து நிற்கிறது.

அவர் கொஞ்சம் மூச்சு விடட்டும் என்று காத்திருக்கிறேன்.