ஐந்து, பத்து, இருபது

ஜனவரி 12, திங்கள்

இன்று மாலை எங்கள் வீட்டில் வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த முடிவு ஒன்று எடுக்கப்பட்டது. சாப்பாட்டு மேசையில் தும்பி உட்காரும் நாற்காலி இனி ஜன்னலைப் பார்த்து இருக்காது. சுவரைப் பார்த்து இருக்கும். தீர்மானத்தை முன்மொழிந்தவள் நான். வழிமொழிந்தவர் கணவர். எட்டு வயது மகளுக்கு வாக்குரிமை இல்லை. ஜன்னலில் காக்கை, லாரி, எதிர்வீட்டுக்காரரின் உடற்பயிற்சி என்று ஏகப்பட்ட இடைஞ்சல். சுவரில் ஒன்றும் இல்லை, ஆகவே வீட்டுப்பாடம் நடக்கும் என்பது எங்கள் ஆராய்ச்சியின் முடிவு.

நாற்காலி திருப்பப்பட்டது. பத்து நிமிடத்தில் பெயின்ட் உரிந்த இடத்தில் ஓர் ஒட்டகத்தையும் அதன்மேல் ஒரு தபால்காரரையும் தும்பி கண்டுபிடித்துவிட்டாள். கணக்கு நோட்டில் இரண்டு கணக்கு. இரண்டும் பாதி.

ஜனவரி 20, செவ்வாய்

வகுப்பாசிரியை கூப்பிட்டு அனுப்பியிருந்தார். "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க" என்று ஆரம்பித்தார். அப்படி ஆரம்பிக்கும் பேச்சை இதுவரை யாரும் சரியாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. "இந்தப் பருவம் முடியறதுக்குள்ள கொஞ்சம் அடங்கினா பாக்கலாம். இல்லேன்னா அடுத்த வருஷம் வேற ஸ்கூல் பாத்துக்கறது அவளுக்கே நல்லது."

அவளுக்கே. பள்ளிக்கு இதில் எந்த லாபமும் இல்லை, பாவம்.

மாலையில் குழந்தைகள் மனநல மருத்துவரிடம் போனோம். போன வாரம் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் இன்று ஒரு பெயர் கொடுத்தார்: ஏடிஎச்டி, அதாவது கவனக் குறைபாடும் அதீதத் துறுதுறுப்பும். "அஞ்சு மில்லிகிராம்ல ஆரம்பிப்போம். எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு சரிப்படும்னு முன்கூட்டியே சொல்ல முடியாதும்மா. நீங்க பக்கத்துல இருந்து பாத்து சொல்றத வச்சுதான் நான் ஏத்துறதும் இறக்குறதும்."

கணவர் தலையாட்டினார். பத்து வருஷமாக அந்தத் தலையாட்டலைப் பார்க்கிறேன். சரி என்றும் அர்த்தம் உண்டு, விட்டால் போதும் என்றும் அர்த்தம் உண்டு.

ஜனவரி 22, வியாழன்

முதல் மாத்திரை. நான் ஏழரைக்குக் கண் மருத்துவமனையில் இருக்க வேண்டும். வருகிறவர்களுக்குப் பார்வை பரிசோதித்து எண் எழுதிக்கொடுப்பது என் வேலை. தும்பியை எழுப்பிப் பள்ளியில் விட்டுவிட்டுத் தன் லிஃப்ட் கம்பெனிக்குப் போகிறவர் கணவர்தான். "காலை மாத்திரை என் டிபார்ட்மென்ட். நீ கவலைய விடு. ஞாயித்துக்கிழமையும் நானே குடுத்துடறேன், நீ தூங்கு" என்றார்.

கேட்காமலே ஒரு வேலையை எடுத்துச் செய்கிறார். கண் கலங்கிவிட்டது, எனக்கு.

ஜனவரி 28, புதன்

ஆசிரியை போனில்: "என்ன மாயம் பண்ணீங்க மேடம்? இன்னிக்கு ரெண்டு பீரியட் எழுந்திரிக்கவே இல்ல!"

மருத்துவர் சொன்னபடி கவனித்து எழுதுகிறேன். பார்வையில் ஒரு நிதானம் வந்திருக்கிறது. கூப்பிட்டால் இரண்டாம் தடவையிலேயே திரும்புகிறாள். ராத்திரி பாதித் தட்டோடு எழுந்துவிட்டாள். பசி குறையும் என்று அவர் முன்னாடியே சொன்னார். விஞ்ஞானம் விஞ்ஞானம்தான்.

பிப்ரவரி 1, ஞாயிறு

நாத்தனார் வந்தார். கணவருக்கு மூத்தவர்; எங்கள் வீட்டு விஷயங்களில் எனக்கும் மூத்தவர்.

"ஏம்மா, புள்ள முகத்துல களையே இல்லையே. மருந்து குடுத்து குடுத்து கல்லு மாதிரி ஆக்கிட்டீங்களே" என்றார்.

அந்த நேரத்தில் கல் சோபாவின் முதுகில் ஏறி நின்று குதிப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. குதித்தது. நாத்தனாரின் காப்பி தரையில். கணவர் துணி எடுத்துவந்து துடைத்தார். குனிந்திருந்ததால் முகம் தெரியவில்லை. சிரித்தது போல் இருந்தது.

பிப்ரவரி 10, செவ்வாய்

மதியத்துக்கு மேல் மருந்து இறங்கிவிடுகிறது என்கிறார் ஆசிரியை. எனக்கும் அப்படித்தான் படுகிறது. பத்து மில்லிகிராம்.

பிப்ரவரி 19, வியாழன்

காலையில் ஒரு ஓய்வுபெற்ற வங்கி மேனேஜர். "முதலாவது தெளிவா இருக்கா, ரெண்டாவதா?" என்று கேட்டால் ஒவ்வொன்றுக்கும் உரை நிகழ்த்துகிறார். இப்படிப்பட்டவர்களுக்கு எங்களிடம் ஒரு வழி உண்டு. லென்ஸைக் கழற்றி, கொஞ்சம் சத்தம் வருகிற மாதிரி, அதே லென்ஸைத் திரும்பப் போடுவேன். போட்டேன். "ஹா! இப்பதான்மா பளிச்சுனு இருக்கு. இதையே எழுதிடுங்க!" என்றார். இனி இவர் சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்று தெரிந்துகொண்டு, மெஷின் காட்டிய எண்ணை எழுதினேன். சாப்பாட்டு நேரம் வரை நானும் நர்ஸும் சிரித்தோம்.

மாலை, தும்பி: பேச்சில் வேகம் குறைவு. கையெழுத்து ஒரே கோட்டில் நிற்கிறது. பத்து வேலை செய்கிறது.

பிப்ரவரி 26, வியாழன்

கணக்குப் பரீட்சையில் ஐம்பதுக்கு ஒன்பது. கேள்வித்தாளின் பின்பக்கத்தில் நன்றாக வரையப்பட்ட ஒரு பல்லி.

மருத்துவர் குழம்பிப்போனார். "டீச்சர் நல்லா இருக்காங்கறாங்க, நீங்க நல்லா இருக்காங்கறீங்க, மார்க்கு மட்டும் ஒத்துக்க மாட்டேங்குதே. படபடப்பு இருக்கா? தூக்கம்?" நிம்மதியாகத் தூங்குகிறாள் என்றேன். எடை, நாடி எல்லாம் அப்படியே இருந்தன. "அப்ப உடம்பு நல்லா தாங்குது. இருபது பாப்போம்."

"இருபது அதிகமில்லையா டாக்டர்?" என்றார் கணவர். இத்தனை நாளில் அவர் கேட்ட முதல் கேள்வி.

"பத்து ஒண்ணும் பண்ணலையே சார்."

வண்டியில் வீடு வரும்வரை பேசவில்லை. மகளை நினைத்து வருந்துகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 10, செவ்வாய்

நேற்று எழுத முடியவில்லை.

கணவர் ஞாயிறு மாலை வெளியூர் போனார், பன்னிரண்டு மாடிக் கட்டடம், நான்கு நாள் வேலை. அதனால் நேற்று நான் வேலைக்குத் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டுத் தும்பியைக் கிளப்பினேன். அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கி நீட்டினேன்.

"இது இல்லம்மா."

"எது இல்ல?"

"அப்பா குடுக்கற மாத்திரை இது இல்ல. அது ஆரஞ்சு மாதிரி இருக்கும். புளிக்கும். கடிச்சுத் திங்கலாம்."

"கதை விடாத தும்பி. ஸ்கூலுக்கு நேரமாச்சு."

"நெஜமாம்மா."

"வாயைத் திற."

திறந்தாள்.

பதினொன்றரைக்குப் பள்ளியிலிருந்து போன். நான் போனபோது ஆசிரியர்கள் அறையில் ஒரு பெஞ்சில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். உதடு வெளுத்து, கை நடுங்கி — இடது மணிக்கட்டை நகத்தால் சுரண்டிச் சுரண்டி ரத்தம் வந்திருந்தது. "அம்மா, உள்ள யாரோ ஓடறாங்கம்மா. நிக்கச் சொல்லும்மா" என்று என் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்தாள். ஐயோ, அந்த அடி. என் உள்ளங்கையில் இன்னும் இருக்கிறது.

அவசரப் பிரிவு. மார்பில் ஒட்டிய கம்பிகள். மருத்துவர் வந்தார். "பத்து நாளா இதே டோஸ்தானே குடுக்கறீங்க? இன்னிக்கு மட்டும் ஏன்? இது என்னமோ வாழ்க்கையில முதல் தடவையா சாப்பிட்ட பிள்ளை மாதிரி இருக்கே!"

அப்போதுதான். அந்த ஆரஞ்சு.

வராந்தாவுக்கு வந்து கணவருக்குப் போன் போட்டேன். "தும்பிக்கு தினம் என்ன குடுத்தீங்க?"

லிஃப்ட் மோட்டாரை நிறுத்தச் சொல்லி யாரிடமோ கத்தினார். அப்புறம், "வைட்டமின் சி" என்றார்.

சாயங்காலம் துடிப்பு இறங்கியது. வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மார்ச் 12, வியாழன்

வந்துவிட்டார். தும்பி பள்ளிக்குப் போயிருந்தாள். பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் நின்றார்.

"நானும் சின்ன வயசுல இப்படித்தான் இருந்தேன். எனக்கு யாரு மருந்து குடுத்தா? நான் நல்லாத்தானே இருக்கேன்?"

மூன்று தடவை வேலை மாறியவர். வண்டிச் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு வருகிறவர். நல்லாத்தான் இருக்கிறார்.

"அப்ப டாக்டர் எதிர்லயே வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீ கேக்கற நிலைமையிலயா இருந்த? ஸ்கூல், ஸ்கூல்னு பறந்துட்டிருந்த. அதுவும் நீயே தானே சொன்ன, நல்லா இருக்கா, நிதானம் வந்துடுச்சுனு? ஒரு புளிப்பு மிட்டாய்லயே சரியாகுதுன்னா மருந்து எதுக்கு?"

"அஞ்சு பத்தாச்சு. பத்து இருபதாச்சு. அப்பவாவது வாயைத் திறந்திருக்கக் கூடாதா?"

"எவ்வளவு ஏத்தினா என்ன? நான்தான் குடுக்கலையே."

எத்தனை மாத்திரையோ, தினம் ஒன்றாகப் பிதுக்கிக் கழிப்பறையில் போட்டிருக்கிறார். அட்டை காலியாக வேண்டுமே, நான் பார்ப்பேனே. அதில் மட்டும் ஒரு நாள் தவறவில்லை. லிஃப்ட் கயிற்றை மாதம் ஒருமுறை பார்த்துக் கையெழுத்துப் போடாத மெக்கானிக்கை வேலையை விட்டே தூக்கச் சொல்கிற மனுஷன்.

"சரி. ஊருக்குப் போறப்ப? நான்தான் குடுப்பேன்னு தெரியும் இல்ல? அட்டையில இருக்கறது இருபதுன்னு தெரியும் இல்ல? ஒரு வார்த்தை —"

பெட்டியைக் கீழே வைத்தார்.

"மறந்துட்டேன்" என்றார்.

மார்ச் 13, வெள்ளி

பழைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். வைட்டமின் சி-யின் மருத்துவப் பலன்கள், என் கைப்பட: பார்வையில் நிதானம், பசி குறைவு, பேச்சில் வேகம் குறைவு, ஒரே கோட்டில் நிற்கும் கையெழுத்து. இரண்டு பீரியட் உட்கார வைக்கும் (ஆசிரியை). முகத்தில் களையை எடுத்துவிடும் (நாத்தனார்). மதியத்துக்கு மேல் இறங்கிவிடும் (ஆசிரியையும் நானும் சேர்ந்து). அந்த வங்கி மேனேஜராவது ஒரு லென்ஸுக்கு ஏமாந்தார். நான் ஏழு வாரம்.

உள்ளதைச் சொன்ன சாட்சி ஒன்றே ஒன்று. அதற்குக் கவனம் போதாது என்று நாங்கள் சான்றிதழ் வாங்கி வைத்திருந்தோம்.

மார்ச் 17, செவ்வாய்

மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கணவரும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மருத்துவர் கத்தவில்லை. பேனாவை மூடித் திறந்து மூடினார். "தப்பு என் மேலயும் இருக்கு. பத்துக்கு ஒண்ணுமே நடக்கலைன்னதும் நான் சந்தேகப்பட்டிருக்கணும்." ஒரு வாரம் ஒன்றும் வேண்டாம், அப்புறம் ஐந்திலிருந்து என்றார். கிளம்பும்போது கணவரைப் பார்த்து, "நீங்களும் ஒருநாள் வாங்க சார். உங்களுக்கும் பாத்துடலாம்" என்றார்.

தலையாட்டினார்.

மார்ச் 24, செவ்வாய்

ஐந்து. என் கையால். பிற்பகல் வேலைக்கு மாற்றிக்கொண்டேன், ஏப்ரல் பாதி வரைதான் தருவார்களாம். "புளிக்காதா?" என்று கேட்டாள். புளிக்காது என்றேன்.

இந்தத் தடவை நான் எதையும் கவனிக்கப் போவதில்லை. மார்க்கு சொல்லட்டும்.

மார்ச் 31, செவ்வாய்

கவனிக்கவில்லை. அவளே வந்து சொன்னாள். பள்ளி நூலகத்தில் எடுத்த கதைப்புத்தகம், இருபது பக்கம் இருக்கும். "முடிவு நல்லாவே இல்லம்மா. அந்த நரி சும்மா வீட்டுக்குப் போயிடுது" என்று கோபித்துக்கொண்டாள். அவள் ஒரு கதையின் முடிவைக் குறை சொல்லி நான் கேட்டதில்லை. முடிவு வரை போனால்தானே.

குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன்.

ஏப்ரல் 6, திங்கள்

கணக்கில் ஐம்பதுக்கு முப்பத்தொன்று.

ஆசிரியை போனில்: "மேடம், மருந்த மாத்திட்டீங்களா? இப்ப என்னென்னமோ கேள்வி கேக்கறா, நடுவுல நடுவுல நிறுத்தி. முன்னாடி குடுத்துட்டிருந்ததே நல்லா கேட்ட மாதிரி இருந்துச்சே?"

அதற்கு டாக்டர் சீட்டு வேண்டாம் மேடம், எந்தக் கடையிலும் ஆரஞ்சு, எலுமிச்சை இரண்டு ருசியிலும் கிடைக்கும் என்று நாக்கு நுனி வரை வந்தது. பருவம் முடிய இன்னும் பத்து நாள் இருக்கிறது. "டாக்டர்கிட்ட சொல்றேன் மேடம்" என்றேன்.

ஏப்ரல் 17, வெள்ளி

அடுத்த வருஷமும் இதே பள்ளி. மதிப்பெண் அட்டையில் வகுப்பாசிரியையின் குறிப்பு: "பருவத்தின் முதல் பாதியில் மிகச் சிறந்த முன்னேற்றம். அதைத் தக்கவைத்துக்கொள்ள வேண்டும்."

கணவர் மருத்துவரைப் பார்க்க நேற்றுப் போனார். அவருக்குக் கொடுத்திருந்த நாள் முந்தாநாள்.

திங்கள் முதல் எனக்கு மறுபடி காலை ஏழரை வேலை. வேறு வழியில்லை, மாத்திரை மறுபடி அவர் கையில். எப்படி என்று தெரிந்துகொள்ள இன்று காலை அவரையே கொடுக்கச் சொல்லி நான் வாசலில் நின்றேன். தும்பி மாத்திரையை வாங்கவில்லை. அட்டையை வாங்கினாள். திருப்பி, பின்பக்கத்தில் இருக்கும் மருந்தின் பெயரை எழுத்துக்கூட்டி, வாய்விட்டு, கடைசி எழுத்துவரை படித்தாள். அளவையும் படித்தாள். பிறகு தானே பிதுக்கி எடுத்து, முகர்ந்து பார்த்துவிட்டு விழுங்கினாள்.

நேற்று நான் கொடுத்தபோதும் அப்படித்தான் செய்தாள்.