சிவப்பு வரிகளை முதலில் வாசித்தவளுக்கு

இன்று காலை கீர்த்தனா சாஃப்ட்வேர் கோடில் செய்த ஒரு மாற்றத்தை என் ரிவ்யூவுக்கு அனுப்பியிருந்தாள். திறந்தால் திரையில் ஒரே ஓர் இடம்தான் சிவப்பு. சிவப்பு என்றால் எடுத்துவிடப் போகும் வரி. அதை எழுதியவர் பெயர் ஓரத்தில் வரும் இல்லையா, அங்கே உன் பெயர் இருந்தது. டீ ஆறிப்போகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கீர்த்தனாவை உனக்குத் தெரியாது. நீ பைபாஸ் விபத்தில் போன பிறகு உன் இடத்துக்கு வந்தவள். கெட்டிக்காரி. மருத்துவமனைகளுக்கான நம் சாஃப்ட்வேரில் உன் பெயரோடு இருந்த மற்றதெல்லாம் ஏற்கெனவே மாறிவிட்டது. மிச்சம் இது ஒன்றுதான். எடுக்கலாமா கூடாதா என்று நான் சொல்லவேண்டும்.

நாம் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். மன்னார்புரம் ஆபீசில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் வாசித்து ஒப்புதல் கொடுத்தால்தான் அது வெளியே போகும். அப்போது எனக்கு அது வெறும் சடங்கு. மேலோட்டமாகப் பார்த்து 'சூப்பர்' என்று போட்டு அனுப்பிவிடுவேன். நீயோ ஸ்ரீரங்கத்திலிருந்து ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் வரும்போதே மொபைலில் வாசிக்க ஆரம்பிப்பாய். காவிரிப் பாலத்தில் பஸ் மாட்டிக்கொண்டால் எனக்குக் கூடுதலாக நாலு கேள்வி வரும். எல்லாரும் பச்சையை, அதாவது புதிதாகச் சேர்த்ததை, வாசிப்பார்கள். நீ சிவப்பில் ஆரம்பிப்பாய். ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"போறது எதுக்கு இருந்துச்சுன்னு தெரியாம, வர்றது சரின்னு எப்படிடா சொல்றது?" என்றாய்.

குழந்தையின் எடையை வைத்து மருந்தளவு கணக்கிடும் பகுதியை நான் சுத்தப்படுத்தினேனே, அது ஞாபகம் வருகிறது. எடை ஐநூறுக்கு மேல் வந்தால் ஆயிரத்தால் வகு என்று யாரோ எழுதிய பழைய வரி. ஐநூறு கிலோவில் எந்தக் குழந்தை இருக்கிறது என்று தூக்கிவிட்டேன். நீ ஒப்புதல் தரவில்லை.

"இந்த வரி ஏன் இருந்துச்சு?"

"எவனோ லூசு எழுதியிருக்கான். யானைக்கு ஊசி போடறதா நெனச்சிருப்பான்."

"லூசாவும் இருக்கலாம். தெரிஞ்சுகிட்டு சொல்றேன்."

"சீக்கிரம் வெளிய போகணும் இது. வேணும்னே பண்றியா?"

"நீ எழுதுனதைத்தான் நிறுத்தியிருக்கேன், உன்னை இல்ல. போய்ச் சாப்பிடு."

மறுநாள் நீ லீவு. வீட்டில் ஏதோ விசேஷம் என்று நினைத்துக்கொண்டு பல்லைக் கடித்தேன். சாயங்காலம் உன் பதில் வந்தது. வையம்பட்டிப் பக்கத்துச் சின்ன மருத்துவமனை ஒன்றில், பிறந்த குழந்தைகளுக்கான தராசு மட்டும் எடையைக் கிராமில் அனுப்புகிறது. அந்த வரி இல்லாவிட்டால் மூன்று கிலோ குழந்தையை மூவாயிரம் கிலோ என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டிருக்கும். அத்தனை பெரிய எண் நர்ஸ் கண்ணில் படாதா என்று வாதாடினேன்.

"படும். நல்லாத் தூங்கி எழுந்து வந்த நர்ஸா இருந்தா."

தூக்கிய வரியைத் திருப்பி வைத்தேன். நீ அந்த வரியைத் தெளிவாகத் திருத்தி எழுதினாய். தராசு மாறும்வரை எடுக்கவேண்டாம் என்று மேலே காரணத்தையும் போட்டாய்.

இன்று சிவப்பில் இருப்பது அந்த வரிதான். தராசு மாறிவிட்டது என்றுதான் கீர்த்தனா சொல்கிறாள். "ஃபோன்ல கேட்டுட்டேண்ணா. எடுத்துடலாம்."

இருக்கட்டும், எடுக்காதே என்று எழுதிவிடத்தான் கை போனது. இருப்பதால் யாருக்கு என்ன நஷ்டம்? என்னிடம் யாரும் காரணம் கேட்கவும் மாட்டார்கள். நீ கேட்டிருப்பாய். போனை எடுத்து அந்த மருத்துவமனையின் வார்டு நர்ஸைக் கூப்பிட்டேன்.

"ஆமா தம்பி, புதுத் தராசு வந்துருச்சு. முன்னாடி உங்க ஆபீஸ்லேருந்து ஒரு பொண்ணு பேசுமே, அது இல்லையா?"

"போன வருஷம் தவறிட்டாங்க சிஸ்டர்."

'அய்யய்யோ' என்றார். பிறகு சொன்னார்: "நேர்லயே வந்துச்சு தம்பி. பஸ் பிடிச்சு வந்து, ஒரு லிட்டர் தண்ணி பாட்டிலத் தராசுல வச்சுப் பாத்துச்சு. பாதியக் குடிச்சுட்டு மறுபடியும் வச்சுப் பாத்துச்சு. நாங்கள்லாம் சிரிச்சோம்."

இதை நீ என்னிடம் சொன்னதே இல்லை. அந்த லீவு இதற்குத்தானா? நான் தூக்கிப்போட்ட ஒரு வரிக்காக, யார் எழுதியது என்றுகூடத் தெரியாத வரிக்காக, அத்தனை தூரம் போயிருக்கிறாய். திரும்பி வந்து, 'பார்த்தாயா' என்று ஒரு சொல் சொல்லவில்லை. எனக்கு மலைப்பாக இருந்தது. உட்கார முடியவில்லை. வையம்பட்டி வழியாகப் போகும் திண்டுக்கல் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

வார்டில் அப்போதுதான் ஒரு குழந்தையை எடை போடக் கொண்டுவந்தார்கள். தராசில் கிடத்தியதும் அது காலை உதறியது. எண் ஆடிக் குதித்து நின்றது. நம் திரையிலும் அதே எடை, கிலோவில். என்னைப் பெரிய டாக்டர் என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, கட்டிலில் இருந்த அம்மா கேட்டார்: "எடை சரியா இருக்குங்களா சார்?"

"சரியா இருக்குங்க."

இந்த வேலைக்கு வந்த பிறகு நான் சொன்ன எதையும் அத்தனை உறுதியாகச் சொன்னதில்லை.

திரும்பி வந்தால் கீர்த்தனா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். "நான்தான் கேட்டுட்டேனேண்ணா. என்னை நம்பலையா?"

"உன்னை நம்பறேன். தராசத்தான் நம்பல."

ஒப்புதல் கொடுத்துவிட்டேன். உன் வரி போய்விட்டது. காரணம் தீர்ந்த பிறகும் உன் பெயருக்காக அதை வைத்திருந்தால், நீயே ஏன் என்று கேட்டிருப்பாய்.

உன் பொறுமை எனக்கு வராது. ஆனால் எடுக்கப்போகும் வரியை எழுதியவர் லூசு இல்லை என்று வைத்துக்கொண்டுதான் இப்போதெல்லாம் வாசிக்க ஆரம்பிக்கிறேன். கீர்த்தனா அடுத்ததை அனுப்பிவிட்டாள். பெரிய மாற்றம், நிறையச் சிவப்பு. ஆச்சா ஆச்சா என்று எட்டிப் பார்க்கிறாள்.

பொறுக்கட்டும்.