மீன் தொட்டியில் உப்பு போட்டாச்சு

மெர்சி அப்பாவுக்கு,

நீங்க விடியக்காலையில பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போன பிறகு இதை எழுதுறேன். கந்தப்பளைக்கு அக்கா வீட்டுக்குப் போயிட்டு சாயங்கால பஸ்ஸுல வந்துடுவேன். சாவி கோழிக்கூட்டு மேல இருக்கு.

மெர்சியோட தங்கமீனுக்குச் செட்டையில வெள்ளைப் புள்ளி விழுந்திருக்கு. கல்லுப்பைக் கரைச்சுத் தொட்டியில ஊத்திட்டேன், நீங்க மறுபடியும் போட வேணாம். தண்ணி வத்தினா வெறும் தண்ணி ஊத்துங்க. உப்பு வத்தாது.

மலையில அட்டை கடிக்காம காலுல தேய்க்க நீங்க கொண்டு போற உப்பு முடிச்சை மட்டும் தொட்டியில முக்காதீங்க. அதுல புகையிலைத் தூள் இருக்கு. போன மீனை அப்படித்தான் அனுப்பி வச்சீங்க. அது வயசாகிச் செத்துப் போச்சுன்னு மெர்சிகிட்ட சொன்னேன். சனிக்கிழமை போர்டிங்கில இருந்து வர்றா, இதுக்கும் அதையே சொல்ல முடியாது.

சோறும் கறியும் அடுப்போரம் இருக்கு. நேத்து ராத்திரி உப்புக் கூடிப் போச்சுன்னு தட்டைத் தள்ளி வச்சுட்டு எழுந்திரிச்சீங்க. அதனால இன்னைக்குக் கறியில உப்பே போடல.

பெற்றீசியா

தட்டுக்கு அடியில கடதாசியில கொஞ்சம் உப்பு மடிச்சு வச்சிருக்கேன். அது மீனுக்கு இல்ல.