என்கிட்ட சொல்லாத பேச்சு

மார்ச் 4, செவ்வாய்
காது கேட்க காக்ளியர் கருவி வைத்து இருபத்திரண்டு வருஷம். எங்களை மாதிரி ஆட்கள் வளர்ந்தபின் எப்படிப் பேசுகிறோம் என்று பேச்சுப் பயிற்சி மையத்தில் இன்று சோதனை. டீச்சர் சிரித்தார்: "வார்த்தைக்குப் பஞ்சமில்லை. ஆனா செய்தி வாசிக்கிற மாதிரி பேசறே."

மற்ற பிள்ளைகள் பாதிப் பேச்சை ஒட்டுக் கேட்டே கற்றுக்கொள்கிறார்களாம். எனக்கு ஒவ்வொரு சொல்லும் முகத்துக்கு நேரே நிறுத்தி நிதானமாக ஊட்டப்பட்டது. "இனிமே உன்கிட்ட பேசாத பேச்சையும் கவனி." ஒட்டுக் கேட்பது வீட்டுப்பாடம்! யாருக்குக் கிடைக்கும்?

மார்ச் 9, ஞாயிறு
பஸ்ஸில் பின் சீட்டு. பெரும்பாலும் இரைச்சல்தான். ஒருத்தி மட்டும் தோழியிடம், "ரீல் விடாதடி." வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொல்லிப் பார்த்தேன். "இதை யாரு சொல்லிக் கொடுத்தா?" என்று முழித்தான். யாருமே இல்லையே!

மார்ச் 17, திங்கள்
பல் லேபில் பல் செட்டுக்கு மெருகு போட்டே ஆறு வருஷம் போச்சு. முதலாளி திறக்கப்போகும் புதுக் கிளையில் பல் டாக்டர்களோடு ஃபோனில் பேச ஆள் வேணும். அந்த வேலை எனக்கு வேணும். கேட்டு பத்து நாளாச்சு, பதிலைக் காணோம்.

மார்ச் 22, சனி
பாத்திரம் கழுவிட்டு குழாயை மூடினேன். பின்னாடி அப்பா, அம்மாகிட்ட: "முதலாளி கூப்பிட்டார். அவளுக்கு ஃபோன் வேலை சரிப்படாதுன்னு சொல்லிட்டேன். நாலு பேர் முன்னாடி அசிங்கப்படுவா, பாவம்."
"நல்லதாப் போச்சு. அவ காதுக்குப் போகவேணாம்."
நாலடி தூரத்துல நான் நிக்கிறேன்!
அழுதேன். அப்பா மேல அப்படி ஒரு கோபம். ஆனா — திரும்பிப் பார்க்காம ஒரு வார்த்தை விடாம கேட்டிருக்கேனே. எப்படி?

மார்ச் 24, திங்கள்
முதலாளிக்கு நானே ஃபோன் போட்டேன். இரண்டு இடத்தில் "இன்னொரு தடவை சொல்லுங்க சார்" என்றேன். பயம் அப்பாவுக்குத்தான், எனக்கில்லை என்றேன். "உங்கப்பாவைவிடத் தெளிவாப் பேசறியேம்மா. ஒண்ணாம் தேதி வந்துடு."

மார்ச் 25, செவ்வாய்
அப்பாவிடம் சொன்னேன்.
"நான் பேசினதை உனக்கு யாரு சொன்னா?"
"நீங்கதான்பா."
அவர் முகம் போன போக்கு!

ஏப்ரல் 2, புதன்
இருபது ஃபோன். மூன்றில் சொதப்பல். நாளைக்குப் பார்த்துக்கலாம்.
சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே அப்பாவும் அம்மாவும் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் சட்டென்று நிறுத்தினார்கள். அம்மா எழுந்து அறைக் கதவைச் சாத்தினாள். அப்புறம் குசுகுசுப்பு. ஒரு எழுத்துகூடப் புரியவில்லை.
இந்த வீட்டில் இதுவரை எனக்குக் கேட்டுவிடும் என்று யாரும் கதவைச் சாத்தியதே இல்லை. அவ்வளவு சந்தோஷமா இருந்தது.